பதினெட்டுப் புட்டிகளுக்கு ஒரு ரசீது

பத்தொன்பது வயதில் பள்ளிச் சீருடை மாட்டிக்கொண்டு பிரிஜிட் பஸ் ஏறுவதைப் பார்த்துப் பதினோராங்கட்டைத் தோட்டத்தில் சிரிக்காதவர்கள் குறைவு. அவளோடு ஓடியாடிய பெண்களுக்கு அதற்குள் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருந்தன. ஜப்பான்காரன் காலத்தில் பள்ளிக்கூடமே இல்லாமல் போனதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. சண்டை முடிந்த பிறகு, பதின்மூன்று வயதில், மலாக்கா டவுன் கான்வென்ட்டில் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே கால் மடக்கி உட்கார்ந்து ஆங்கிலம் படிக்க ஆரம்பித்தவள் அவள். இரண்டு தடவை டபுள் புரோமோஷன் வாங்கி, 1952-இல் பள்ளி இறுதியான சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுதும் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

நான் இந்தக் கதையை இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறேன். ஒருவர் பிரிஜிட் அக்கா. இன்னொருவர் அவரோடு படித்த பராசக்தி அக்கா. இருவரும் சொன்னது எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. ஒத்துப்போன இடங்களையே பெரும்பாலும் எழுதுகிறேன்.

பாயா ரும்புட் தாண்டிப் போகும் சாலையில் பதினோராவது மைல் கல்லுக்கு எதிரே இருந்தது அந்த ரப்பர் தோட்டம். பிரிஜிட்டின் அம்மா அருளம்மாள் மரம் சீவுபவர். அப்பா அம்புரோஸ் பால் ஸ்டோரில் வேலை. மரத்திலிருந்து வந்த பாலை அளந்து ஊற்றுவதும், கெட்டுப்போகாமலிருக்க அமோனியா கலப்பதும், தொட்டியில் ஆசிட் விட்டு உறைய வைப்பதும் அவர் பொறுப்பு. அவருடைய சட்டை எத்தனை முறை துவைத்தாலும் மூக்கில் குத்தும். சின்ன வயதில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன பிரிஜிட், வெள்ளைப் பால் கண்முன்னே கட்டியாவதைப் பார்த்து, “ஏம்ப்பா கட்டியாவுது?” என்று கேட்டிருக்கிறாள். “ஆசிட் ஊத்துனா ஆவும்” என்றார் அவர். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. கெமிஸ்ட்ரி படிக்க வேண்டும் என்று அவள் பிடித்த பிடிவாதம் அங்கேதான் ஆரம்பித்தது.

கான்வென்ட்டில் சோதனைக்கூடம் கிடையாது. கெமிஸ்ட்ரி எடுத்த நான்கு பெண்கள் சனிக்கிழமை காலையில் ஆண்கள் பள்ளிக்கு நடந்துபோய், அங்கே இரண்டு மணி நேரம் செய்முறை பழகுவார்கள். பரீட்சையின் செய்முறைப் பகுதியில் பெயர் தெரியாத ஒரு உப்பைக் கையில் கொடுப்பார்கள். அதைக் கரைத்து, துளித் துளியாக மருந்து விட்டு, என்ன நிறம் வருகிறது, என்ன வாசம் வருகிறது, என்ன திரிந்து கீழே படிகிறது என்று பார்த்து, அதற்குள் ஒளிந்திருக்கும் அயனிகளைச் சொல்லவேண்டும். புத்தகத்தை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. கண்ணும் மூக்கும் பழக வேண்டும்.

ஜூலை மாதம், வெள்ளைக்காரரை எதிர்த்துக் காட்டில் பதுங்கியிருந்த கம்யூனிஸ்ட்டுகள் தோட்டத்து லாரியைச் சுட்டார்கள். காவலுக்குப் போன இரண்டு பேர் செத்தார்கள். அடுத்த வாரமே தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி எழும்பியது. வேலிக்குள் பெயர் பதிந்தவர்கள் வேலிக்குள்தான் தூங்கவேண்டும். காட்டில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேராமலிருக்க, அரிசி, உப்பு, மருந்து எதையும் கேட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. பள்ளிக்கூடம் போக பிரிஜிட்டுக்கு ஒரு பாஸ் கிடைத்தது. ஆனால் அது திங்கள் முதல் வெள்ளி வரைக்கும்தான். சனிக்கிழமை அவளுக்குக் கேட் திறக்கவே திறக்காது.

நான்கு சனிக்கிழமைகள் போனதும் கான்வென்ட் தலைமை மதர் அவளைக் கூப்பிட்டார்.

“கெமிஸ்ட்ரியை விட்டுவிட்டுத் தையல் எடுத்துக்கொள். உனக்குக் கை சுத்தம். நல்ல மார்க் வரும்.”

“எனக்குத் தையல் வேண்டாம், மதர்.”

“செய்முறை பழகாமல் எப்படி எழுதுவாய்?”

“பழகிக்கொள்கிறேன்.”

“எங்கே?”

எங்கே என்று அவளுக்கும் அப்போது தெரியாது.

தெரிய மூன்று நாள் ஆயிற்று. வீட்டுக்குப் பின்னால், குளிக்கும் இடத்தை ஒட்டி, தகரத்துக்குக் கீழே ஒரு பலகை இருந்தது. அம்மாவின் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளியவைத்து ஒரு புட்டியில் ஊற்றி அதன்மேல் வைத்தாள். மூங்கில் குழலால் ஊதினாள். தெளிந்த நீர் பால்போல ஆயிற்று. தன் மூச்சுக் காற்றைப் பிடித்துவிட்டாள். அது முதல் புட்டி.

பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. அம்புரோஸ் பால் ஸ்டோரிலிருந்து ஒரு சின்னக் குப்பியில் அமோனியா கொண்டுவந்தார். லாரி டிரைவர் பழைய பேட்டரி ஆசிட் கொடுத்தார். டவுனில் ஈயம் பற்றவைக்கும் கடையில் இன்னொரு ஆசிட். நாட்டுமருந்துக் கடையில் மயில்துத்தமும் படிகாரமும். சோப்புக் காய்ச்சுபவர்கள் வாங்கும் காஸ்டிக் சோடா. சல்பேட்டைக் கண்டுபிடிக்க வேண்டிய, கரையும் பேரியம் உப்பு எங்கேயும் கிடைக்கவில்லை. எலி மருந்தின் பெட்டியில் அதன் பெயரைப் பார்த்தவள், அந்தப் பொடியை ஆசிட்டில் கரைத்து, துணியில் இரண்டுமுறை வடிகட்டினாள். வடிகட்டிய துணியைக் குழி தோண்டிப் புதைத்தாள். சோதனைக் குழாய்க்குப் பதிலாக ஆஸ்பத்திரி வீசியெறிந்த ஊசிமருந்துக் குப்பிகள்.

மீதி பராசக்தியிடமிருந்து வந்தது. பராசக்தி தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் கனகரட்ணத்தின் மகள். யாழ்ப்பாணத்துக் குடும்பம். டவுனில் சித்தி வீட்டில் பெயர் பதிந்து அங்கிருந்து அதே கான்வென்ட்டுக்குப் போனவள், ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் காரில் தோட்டத்துக்கு வருவாள். சனிக்கிழமை சோதனைக்கூடத்தில் செய்ததையெல்லாம் ஞாயிறு மதியம் பிரிஜிட்டுக்கு ஒப்பிப்பாள். ஒரு ஞாயிறு கையில் மூன்று சிறு புட்டிகளோடு வந்தாள். கண் மருந்துக்கு வைத்திருந்த துத்தநாக உப்பு, பேதி உப்பு என்ற மெக்னீசியம் சல்பேட், கறுப்புத் தாளில் சுற்றிய சில்வர் நைட்ரேட்.

“உங்கப்பாவுக்குத் தெரியுமா?” என்றாள் பிரிஜிட்.

“தெரிஞ்சா தருவாரோ? கொஞ்சம்தானே எடுத்தனான்.”

“மாட்டிக்கிட்டா?”

“நீ சொல்லாட்டி ஆருக்குத் தெரியும்?”

அன்று இருவரும் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அலுமினிய உப்பான படிகாரத்தில் காஸ்டிக் விட்டால் வெள்ளையாகத் திரியும். இன்னும் விட்டால் கரைந்துவிடும். துத்தநாகமும் அப்படியே. எது எதுவென்று பராசக்தி எப்போதும் குழம்புவாள்.

“ரொம்ப சுலபம்லா,” என்றாள் பிரிஜிட். “ரெண்டு வீடு இருக்கு. காஸ்டிக் வீடு, அமோனியா வீடு. சிங்க் ரெண்டு வீட்லயும் போயிக் கலந்துக்கும். அலுமினியம் காஸ்டிக் வீட்ல மட்டும்தான் கலக்கும், அமோனியா வீட்ல மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருக்கும். மெக்னீசியம் எந்த வீட்லயும் கலக்காது.”

“எங்கட அப்பா மாதிரி,” என்றாள் பராசக்தி.

ஒரு தொல்லை மட்டும் தீரவில்லை. எதில் சில்வர் நைட்ரேட் விட்டாலும் லேசாகப் பால்போல மங்கியது. எல்லா உப்பிலும் குளோரைடு இருப்பதாகத் தெரிந்தது. இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, ஒருநாள் வெறும் கிணற்றுத் தண்ணீரில் அதை விட்டுப் பார்த்தாள். அதுவும் மங்கியது. தப்பு உப்பில் இல்லை, தண்ணீரில். அதிலிருந்து கூரையில் வழியும் மழைநீரைப் பிடித்து வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் தண்ணீரை முதலில் தனியாகச் சோதிப்பதும் பழக்கமாயிற்று.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை. பள்ளி விட்டு வந்தவள் கேட்டுக்குள் நுழைந்தபோது லயத்து வாசல்களில் பாயும் பாத்திரமும் கிடந்தன. போலீஸ் சோதனை. அவர்கள் வீட்டு வாசலில் ஒரு பெஞ்சைப் போட்டு அதன்மேல் பதினெட்டுப் புட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஓரத்தில் அவளுடைய நோட்டுப் புத்தகம் திறந்து கிடந்தது. ஆங்கில எழுத்துகளும் அவற்றின் தலைக்குமேல் கூட்டல் கழித்தல் குறிகளும் அம்புகளும் பக்கம் பக்கமாக. அதிகாரி ஓர் இளம் வெள்ளைக்காரர். வெயிலில் கழுத்து சிவந்திருந்தது. பக்கத்தில் தொப்பி போட்ட தமிழர் ஒருவர் மொழிபெயர்த்தார்.

“இதெல்லாம் யாருது?”

“என்னுதுங்க,” என்றார் அம்புரோஸ்.

பிரிஜிட் புத்தகப் பையைக் கீழே வைத்தாள். “அப்பா பொய் சொல்றாரு. எல்லாம் என்னோடது.”

“இது என்ன எழுத்து? யாருக்குத் தகவல் அனுப்புற?”

அவள் மொழிபெயர்ப்பாளரை விட்டுவிட்டு அதிகாரியின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் பேசினாள். அது தகவல் இல்லை, பாடம் என்றாள். பரீட்சைக்காக உப்புகளைச் சோதிக்கிறேன் என்றாள். உப்பு என்றதும் அதிகாரி நிமிர்ந்தார்.

“எவ்வளவு உப்பு? யாருக்குப் போகிறது?”

விளக்க விளக்கச் சிக்கல்தான் கூடியது. மூன்று புட்டிகளில் ஆஸ்பத்திரி லேபிள் ஒட்டியிருந்தது. காட்டுக்கு மருந்து கடத்துவது அந்தக் காலத்தில் சாதாரணக் குற்றமில்லை. அப்பாவையும் மகளையும் வண்டியில் ஏற்றினார்கள். அருளம்மாள் பின்னால் ஓடிவரவில்லை. வாசலில் நின்று, மகளின் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

ஸ்டேஷனில் அம்புரோஸ் அமோனியா எடுத்ததை ஒப்புக்கொண்டார். அவரை வெள்ளிக்கிழமை விட்டுவிட்டார்கள். கனகரட்ணத்தைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். “நான் ஒண்டும் குடுக்கேல்லை. களவு போயிருக்கு,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதிகாரி பிரிஜிட்டிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. ஆஸ்பத்திரி மருந்தைக் கொடுத்தது யார்?

“எதற்கு என்று சொல்கிறேன். எத்தனை துளி செலவானது என்றும் சொல்கிறேன். யார் என்று சொல்லமாட்டேன்.”

“சொன்னால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். சொல்லாவிட்டால் விசாரணையே இல்லாமல் இரண்டு வருஷம் உள்ளே வைக்க எனக்கு அதிகாரம் இருக்கிறது.”

“உங்களுக்கு அதிகாரம் இருப்பது எனக்குத் தெரியும்.”

பெண்கள் அறையில் அவளோடு இருந்தது ராமாத்தாள் என்ற நடுத்தர வயதுக்காரி. சோற்றுப் பொட்டலத்தோடு கேட் தாண்டியதற்காகப் பிடிபட்டவர். “யார் பேரையாச்சும் சொல்லித் தொலையேன் தாயி,” என்றார் அவர். பிரிஜிட் தலையை ஆட்டினாள். பயம் இல்லாமல் இல்லை. பரீட்சைக்கு இன்னும் ஐந்து வாரம். சுவரைப் பார்த்து உட்கார்ந்து காஸ்டிக் வீட்டில் யார் யார், அமோனியா வீட்டில் யார் யார் என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை காலை பராசக்தி சோதனைக்கூடத்துக்குப் போகவில்லை. டவுனிலிருந்து தனியாகப் பஸ் ஏறி ஸ்டேஷனில் வந்து இறங்கினாள். கனகரட்ணத்துக்கு எப்படியோ தெரிந்து, அவரும் காரில் வந்துவிட்டார். பிரிஜிட்டையும் பெண்கள் அறையிலிருந்து கூட்டிவந்து நிறுத்தினார்கள்.

“நான்தான் குடுத்தனான்,” என்றாள் பராசக்தி.

“நீ வாயை மூடு பிள்ளை. என்ர மகளுக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, சார்.”

“இருக்கு. அப்பாவின்ர அலமாரியில இருந்து மூண்டு போத்தில் எடுத்தனான். நானும் அதே சோதினைதான் எழுதுறன். என்னையும் உள்ள போடுங்கோ.”

கடைசி வாக்கியத்தைத் தான் ஆங்கிலத்தில், சத்தமாகச் சொன்னதாகப் பராசக்தி அக்கா சொல்கிறார். சத்தமே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது என்கிறார் பிரிஜிட் அக்கா.

அதிகாரி நெடுநேரம் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு புட்டிகளைக் கொண்டுவரச் சொன்னார். அவற்றில் மூன்றில் வெள்ளைப் பொடி இருந்தது. படிகாரம், பேதி உப்பு, துத்தநாக உப்பு. அவரே உள்ளே எடுத்துப்போய் லேபிள்களை நனைத்துக் கிழித்து, மூன்றையும் இடம் மாற்றிக் கொண்டுவந்து வைத்தார்.

“பாடம் என்கிறாயே. எது எது?” என்று பிரிஜிட்டிடம் கேட்டார்.

“தண்ணீர் வேண்டும். குப்பிகள் வேண்டும். என் காஸ்டிக்கும் என் அமோனியாவும் வேண்டும்.”

மேசைமேல் கோப்புகளை ஒதுக்கி இடம் செய்தார்கள். மூன்றையும் கரைத்தாள். மூன்றிலும் காஸ்டிக் ஒரு துளி விட்டாள். மூன்றும் வெண்மையாகத் திரிந்தன. மொழிபெயர்ப்பாளர் உதட்டைப் பிதுக்கினார். அவள் இன்னும் விட்டாள். இரண்டு தெளிந்தன, ஒன்று அப்படியே நின்றது. “இது பேதி உப்பு,” என்று நகர்த்திவைத்தாள். மிச்சமிருந்த இரண்டு பொடியையும் புதிதாகக் கரைத்து அமோனியா விட்டாள். மூக்கைத் துளைத்த வாசத்தில் காவலர் ஒருவர் சன்னலைத் திறந்தார். மறுபடி இரண்டும் வெண்மை. நிறைய விட்டபோது ஒன்று கரைந்து மறைந்தது. மற்றது பிடிவாதமாக நின்றது.

“கரைந்தது துத்தநாகம். கரையாதது படிகாரம்.”

அது வெறும் ஊகமா, நோட்டில் எழுதிய பாடமா என்று அதிகாரிக்குத் தெரியவேண்டுமே. அதற்கு அவருக்கு இருந்தது ஒரே வழி. ரகசியச் சங்கேதம் என்று பறிமுதல் செய்த அந்த நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, அவள் கையெழுத்தில் விரலை வைத்து, வரி வரியாகப் படித்தார். கட்டத்துக்குக் கட்டம் விரல் நகர்ந்தது. உள்ளே குறித்துவைத்திருந்த துண்டுச் சீட்டை எடுத்துச் சரிபார்த்தார். பிறகு புத்தகத்தை மூடி அவளிடம் நீட்டினார்.

“நீ போகலாம். இவை போகாது. உத்தரவு அப்படி.”

பதினெட்டுப் புட்டிகளையும் பின்பக்கச் சாக்கடையில் கொட்டச் சொன்னார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கடைசிப் புட்டி உடைந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“இன்னும் என்ன?”

“ரசீது வேண்டும்.”

“எதற்கு?”

“என் பொருளை எடுத்தீர்கள். அழித்தீர்கள். என்ன பொருள், எத்தனை என்று எழுதிக் கொடுங்கள். வாங்காமல் எழுந்திருக்க மாட்டேன்.”

கனகரட்ணம் தலையில் கை வைத்தார். அதிகாரி சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. ஒரு தாளை இழுத்து எழுதினார். பள்ளி ரசாயனப் பொருட்கள், புட்டிகள் பதினெட்டு, உத்தரவின்படி அழிக்கப்பட்டன. கீழே கையெழுத்து, முத்திரை.

திங்கட்கிழமை கான்வென்ட்டில் மதர் அவளுக்காகக் காத்திருந்தார். போலீஸ் பிடித்துப்போன பெண்ணின் பெயர் பள்ளியின் பட்டியலில் இருக்கமுடியாது என்றார். பிரிஜிட் ரசீதை மேசைமேல் வைத்தாள்.

“போலீஸே பள்ளிப் பொருள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறது, மதர். நீங்கள் என் பெயரை எடுப்பதென்றால் காரணத்தை இதைப்போல ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.”

மதர் இரண்டு முறை படித்தார். “நீ தோற்றால் பள்ளிக்கூடத்தின் பெயர் கெடும்.”

“தோற்றால் என் பெயரில் தோற்கிறேன்.”

பெயர் பட்டியலில் நின்றது. ஆனால் சும்மா நிற்கவில்லை. அமோனியா எடுத்ததற்காகத் தோட்டத்து மேனேஜர் அம்புரோஸைப் பால் ஸ்டோரிலிருந்து நீக்கி, களைக்கொல்லி மருந்தடிக்கும் கும்பலில் போட்டார். பதினேழு வருஷம் பார்த்த வேலை. வீட்டில் யாரும் அதைப்பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது என்றார் பிரிஜிட் அக்கா. திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பார்.

நவம்பர் கடைசியில் செய்முறைப் பரீட்சை. ஆண்கள் பள்ளியின் நீண்ட மேசைகளில் முப்பத்தோரு பேர். நான்கு பேர்தான் பெண்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு வெள்ளை உப்பு. அவள் வழக்கம்போல முதலில் வெறும் தண்ணீரை ஊற்றிச் சில்வர் நைட்ரேட் விட்டாள். அது லேசாக மங்கியது. காய்ச்சி வடித்த நீர் என்று எழுதியிருந்த ஜாடியில் யாரோ குழாய்த் தண்ணீரை நிரப்பியிருக்கிறார்கள்.

மேற்பார்வை ஆசிரியர் அருகில் வந்தார். “வெறும் தண்ணீரில் ஏன் அதை வீணாக்குகிறாய்?”

“என் விடைத்தாள், சார்,” என்றாள் அவள். அவர் போய்விட்டார்.

உப்பில் காஸ்டிக் விட்டாள். வெண்மை, பிறகு தெளிவு. அமோனியாவில் கரையவில்லை. படிகாரம்தான் என்று எழுதப்போனவள், காஸ்டிக் விட்ட குப்பியைச் சூடு காட்டிப் பார்த்துவிடலாம் என்று விளக்கருகே கொண்டுபோனாள். ஆவி எழுந்ததும் கை நின்றுவிட்டது. அது அப்பாவின் சட்டை வாசம். லிட்மஸ் தாளை நனைத்துப் பிடித்து நீலமாவதைப் பார்த்தது அதற்கப்புறம்தான். பேரியத்தையும் விட்டுப் பார்த்து, அலுமினியம், அமோனியம், சல்பேட் என்று எழுதினாள். குளோரைடு இல்லை, மங்கல் தண்ணீரால் வந்தது என்று தனி வரியாக எழுதி அடிக்கோடிட்டாள்.

பரீட்சை முடிந்து வீட்டிலிருந்த டிசம்பரில்தான் அப்பாவின் கையைச் சரியாகப் பார்த்தாள். விரலிடுக்குகளில் புண். உள்ளங்கைத் தோல் தடித்துக் கறுத்திருந்தது. சாப்பிட்டதும் குமட்டிக்கொண்டு எழுந்து போவார். கும்பலிலிருந்த நல்லமுத்துவுக்கும் காளிமுத்துவுக்கும் அதே புண். ஆஸ்பத்திரியில் கனகரட்ணம் சொறி என்று எழுதிக் களிம்பு கொடுத்தார்.

பிரிஜிட் மருந்து டிரம் இருக்கும் கொட்டகைக்குப் போய் அதன்மேல் அச்சடித்திருந்ததைப் படித்தாள். சோடியம் ஆர்சனைட். பாடப் புத்தகத்தில் அதை விஷம் என்று போட்டிருந்தது. இவர்கள் அதைக் கையால் கலக்கி, வெறுங்காலோடு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்பா, நாளைக்கு இதத் தொடாதீங்க.”

“தொடாம என்ன பண்றது? வேலைய விட்டு எடுத்துருவாங்க.”

“பூட்ஸும் கையுறையும் குடுத்தா அடிப்போம்னு சொல்லுங்க. எல்லாரும் சேந்து சொல்லுங்க.”

“சேந்து சொன்னா அது வேற பேரு ஆயிரும், பிரிஜிட்டு. காலம் தெரியாம பேசாத.”

காலம் அவளுக்கும் தெரியும். நான்கு பேர் கூடி நின்றாலே சந்தேகப்படும் காலம். ஆனாலும் மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கப் பெயர் கூப்பிட்டபோது மருந்துக் கும்பலில் பதினான்கு பேரும் பம்பைத் தோளில் மாட்டவில்லை. அம்புரோஸ் முதலில் கீழே வைத்தார். பதினேழு வருஷத்தில் அவர் ஆபீசுக்கு எதிராகச் செய்த முதல் காரியம் அது. பிரிஜிட் முன்னே நடந்தாள்.

மேனேஜர் ஆபீஸ் வராந்தாவில் நின்றார். கனகரட்ணமும் அங்கே வரவழைக்கப்பட்டிருந்தார்.

“நீ தோட்டத்து ஆள் இல்லை. உனக்கு இங்கே என்ன வேலை?”

“டிரம்மில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. இவர்களுக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த வேலைதான்.”

“போலீஸைக் கூப்பிடுவேன்.”

“கூப்பிடுங்கள். போகிற வழி எனக்குத் தெரியும்.”

மேனேஜர் டிரஸ்ஸரைப் பார்த்தார். “அது ஆபத்தா, மிஸ்டர் கனகரட்ணம்?” கனகரட்ணம் கூரையைப் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அன்றைக்குப் போலீஸ் வண்டி வந்திருக்கும். அவர் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. பேசாமல் நின்ற அந்த ஒரு நிமிஷம்தான் அவர் செய்த உதவி என்று பராசக்தி அக்கா இன்றும் வாதாடுகிறார். பிரிஜிட் அக்கா ஒத்துக்கொள்வதில்லை.

மூன்று வாரம் கழித்து பூட்ஸ் வந்தது. கையுறை வரவில்லை. அதே வாரம் அம்புரோஸ் குடும்பத்துக்கு வேறொரு தாளும் வந்தது. தோட்டத்தில் வேலை செய்யாத, வயதுவந்த ஆள் வீட்டில் இருப்பதால் லயத்தைக் காலி செய்யவேண்டும்.

“என்னாலதாம்மா,” என்றாள் பிரிஜிட்.

அருளம்மாள் பானைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். “ஆமா, ஒன்னாலதான்,” என்றார். “அந்தக் கயித்த எடு. ஒங்கப்பா கை இப்பத்தான் ஆறுது, அவர இழுக்க வைக்காத.”

புக்கிட் ரம்பாய் பக்கம் ஓலை வேய்ந்த ஒரு அத்தாப்புக் கூரை வீட்டில் குடியேறினார்கள். அம்புரோஸுக்கு மரமறுக்கும் ஆலையில் வேலை கிடைத்தது. மார்ச்சில் பராசக்தி அங்கே தேடிக்கொண்டு வந்து சேர்ந்தாள், முடிவு வந்த செய்தித்தாளோடு. பிரிஜிட்டுக்கு கெமிஸ்ட்ரியில் கிரெடிட். பராசக்திக்கு வெறும் பாஸ்.

“நான் குளோரைட் எண்டு எழுதிப்போட்டன்,” என்றாள் பராசக்தி. “அந்தச் சனிக்கிழமை லேபுக்குப் போயிருந்தா ஒருவேளை…”

“போயிருந்தா நான் இன்னும் உள்ள இருந்திருப்பேன்.”

அருளம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்தார்.

அரசாங்க ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்துக்குப் பயிற்சி ஆள் எடுத்தார்கள். கெமிஸ்ட்ரியில் கிரெடிட் இருக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஆனால் விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. அவசரகாலச் சட்டத்தின் கீழ் எப்போதாவது காவலில் வைக்கப்பட்டதுண்டா? ஆம், இரண்டு இரவுகள் என்று எழுதினாள் பிரிஜிட். பதில் வரவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி விண்ணப்பித்தாள். இல்லை என்று எழுதினால் யார் தேடிப் பார்க்கப்போகிறார்கள் என்று அம்புரோஸே சொல்லிப் பார்த்தார். ஆம், இரண்டு இரவுகள் என்றே எழுதினாள். அதற்கும் பதில் வரவில்லை. இடையில் ஒரு தையல் கடையில் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

1954-இல் மூன்றாம் முறை எடுத்துக்கொண்டார்கள். முப்பத்திரண்டு வருஷம் அந்தக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். அந்த மூன்றாவது விண்ணப்பத்தில் என்ன எழுதினீர்கள் என்று நான் கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

“என்னா எழுதுவேன்? ஆமான்னுதான் எழுதுனேன்,” என்றார்.